காவலுக்குள் நீலமான தங்கம்

அந்தப் பெண் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் கொழுந்தனார் வழக்கையே முடித்துவிட்டார். முகம் வாடியிருக்கிறது, விரலில் மோதிரம் இருக்கிறது, துணைக்கு யாரும் வரவில்லை. ஆகவே புருஷன் மேல் சந்தேகம். இந்த அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள் என்பதால் இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாம் தெரிந்த முகம் ஒன்றை வைத்துக்கொண்டார்.

துப்பறியும் அலுவலகம் அவருடையது இல்லை, அண்ணியுடையது. தண்ணீர் வடிகட்டி விற்கும் வேலையை அவர் விட்டபோது, "வீட்ல இருந்தா என் உயிரை வாங்குவான், நீயே கூட வெச்சுக்கோ" என்று அவருடைய அண்ணன் தன் மனைவியிடம் தள்ளிவிட்டதில் வந்து சேர்ந்தவர். வாடிக்கையாளர்களிடம் அண்ணி அவரை "இது என் கொழுந்தன்" என்று மட்டும் அறிமுகப்படுத்துவார். அதனால் அவருக்கு அதுவே பெயராகி, கீழே நகல் எடுக்கும் கடைக்காரர்வரை எல்லாரும் மரியாதையாகக் கொழுந்தனார் என்றே கூப்பிட்டார்கள்.

வந்தவர் வெளியே கொளுத்துகிற வெயிலில் வெள்ளைக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு வந்திருந்தார். உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை. கொழுந்தனார் மனசுக்குள் அவருக்குக் கோட்டம்மா என்று பெயர் வைத்தார்.

"என் டியூபை யாரோ கெடுக்கறாங்க" என்றார் கோட்டம்மா.

கொழுந்தனாரின் முகம் கொஞ்சம் இறங்கியது.

கோட்டின் உள்பையில் கையை விட்டு, விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து மேஜைமேல் வைத்தார் அவர். இரண்டும் இறுக்க மூடியிருந்தன. ஒன்றில் இருந்தது மாதுளைச் சாறு போன்ற சிவப்பு. மற்றதில் பேனா மை மாதிரி நீலம்.

"ரெண்டுமே தங்கம்" என்றார்.

கொழுந்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணுக்குத் தெரியாத பொடி. நானோ துகள். தங்கத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கித் தண்ணியில விட்டா மஞ்சளா இருக்காது, சிவப்பா இருக்கும். துகளெல்லாம் தனித்தனியா இருக்கிறவரைக்கும்தான் அந்தச் சிவப்பு. நெருங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா நீலமாயிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பச் சிவப்பாகாது."

"சரி" என்றார் அண்ணி. அவர் குரல் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். வீடு தீப்பிடித்தாலும் அதே குரலில்தான் வாளி கேட்பார் என்பது கொழுந்தனாரின் எண்ணம்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்கு. கொழுப்பால ஆன சுவர்னு வெச்சுக்கோங்க. லிப்பிட்னு சொல்லுவோம். மருந்தைத் துகள்ல ஏத்தி உள்ளே அனுப்பணும்னா, முதல்ல அந்தத் துகள் இந்தச் சுவர்ல என்ன பண்ணுதுன்னு தெரியணும் இல்லையா? அதுக்காக நாங்களே அதே கொழுப்புல குட்டிக் குட்டியா குமிழி செஞ்சு, அதுல தங்கத்தை விட்டுப் பாக்கறோம். மூணு வருஷமா எனக்கு இந்தக் கொழுப்புதான் வேலை."

"அது நிறையப் பேருக்கு முழுநேர வேலையா இருக்குங்க" என்றார் கொழுந்தனார். அண்ணி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

கோட்டம்மா சிரிக்கவில்லை. தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். குமிழியின் சுவர் விறைப்பாக இருந்தால் தங்கத் துகள்கள் அதன் மேல் ஆளுக்கொரு மூலையில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். குழாய் சிவப்பாகவே நிற்கும். சுவர் இளக்கமாக இருந்தால் ஒவ்வொரு துகளும் அதில் கொஞ்சம் அமுங்கும். அமுங்கின துகள்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து கூடிவிடும், குழாய் நீலமாகிவிடும்.

"தொய்ஞ்ச கட்டில்ல ரெண்டு பேர் படுத்தா, வேண்டாம்னாலும் நடுவுல வந்து சேர்ந்துடுவாங்க இல்ல, அது மாதிரி" என்றார். சொன்னதும் எதையோ நினைத்துக்கொண்டவர் போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

விஷயம் இதுதான். விறைப்பான கொழுப்பு சிவப்பு, இளகின கொழுப்பு நீலம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். இந்தக் கண்டுபிடிப்பைக் கேள்விப்பட்டு வேறொரு ஊரில் இருக்கும் பெரிய ஆய்வு நிலையம் அவரைத் தனிக் குழுவுக்குத் தலைவியாகக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதன் இயக்குநர் நேரில் வந்து இரண்டு நிறத்தையும் கண்ணால் பார்ப்பார். பார்த்தால் வேலை. ஆனால் ஒரு மாதமாகக் கோட்டம்மா என்ன செய்தாலும் விறைப்பான கொழுப்புக் குழாயும் நீலமாகிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்து வேலை பொய் என்று ஆகிவிடும். அவரும் பொய்க்காரி ஆகிவிடுவார்.

"யார் மேல சந்தேகம்?" என்றார் அண்ணி.

"என் வீட்டுக்காரர்."

கொழுந்தனாருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அவரும் அதே ஆய்வகம்தான். பக்கத்து மேஜை. அவர் கலந்தா சிவப்பாவே நிக்குது. அதே கொழுப்பு, அதே தங்கம். 'உன் கையில ராசி இல்ல, நான் கலந்து தரேன்'னு அவரே ஒரு நாள் கலந்து என் கையில குடுத்தார். அதுவும் நீலமாயிடுச்சு. எனக்குக் குடுக்கறதுல மட்டும் ஏதோ போடறார்."

"எதுக்குப் போடணும்?"

கோட்டம்மா விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினார். "நான் போறது அவருக்குப் பிடிக்கல. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வேலை வந்ததைச் சொன்ன அன்னைக்கு, 'நல்லது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டார். ஒரு மாசமா நானும் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசறது இல்ல."

முதல் முறை நீலமானது எப்போது என்று அண்ணி கேட்டார். ஆய்வகத்தில் ஏசியைக் கழற்றி மாட்ட ஒருவர் வந்திருந்த நாள் அது. மதியம் முழுக்க அவர் கோட்டம்மாவின் மேஜைக்கு நேர் மேலே ஏணி போட்டு நின்று குடைந்துகொண்டிருந்தார். கோட்டம்மா குழாய்களை அவற்றின் தாங்கியில் வைத்துவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஒன்று நீலம். "மேலேர்ந்து எதாவது விழுந்திருக்கும்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் அந்த ஆளை உள்ளே கூட்டிட்டு வந்ததே என் வீட்டுக்காரர்னு ஞாபகம் வந்துச்சு. அன்னையிலேர்ந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேன். டியூப் என்னை விட்டு ஒரு நிமிஷம் பிரியறது இல்ல. அப்படியும் கெடுக்கறார்னா பாருங்க."

"இந்தச் சிவப்பு டியூப்?"

"அதுல கொழுப்பு கிடையாது, வெறும் தங்கம். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக எப்பவும் ஜோடியா வெச்சிருப்பேன்."

"ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சா?"

"ஒரே பையில, ஒட்டிக்கிட்டு."

அண்ணி நீலக் குழாயை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, முகரவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடினார். அண்ணிக்குப் பல்வலி வந்துவிட்டது என்று கொழுந்தனார் நினைத்தார்.

மறுநாள் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கொழுந்தனாருக்குப் பல் தந்தியடித்தது. நீளமான அறை, எவர்சில்வர் மேஜைகள், சுவரோரம் ஓயாமல் உறுமும் பெட்டிகள். அந்த ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர் கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் போட்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, நாங்க இப்படித்தான் விறைச்சுப்போய்க் கிடப்போம்" என்றார். "இந்தக் கொழுப்புக்கு இந்தக் குளிர் வேணும். இது அறிவியல். அதோ பாருங்க தெர்மாமீட்டர், ஒரு புள்ளி அசையாது. காலையிலயும் சாயங்காலமும் நானே பாக்கறேன்."

அவர் தன்மேல் சந்தேகம் வரக்கூடும் என்று யோசித்ததாகவே தெரியவில்லை. கோட்டம்மா போய்விட்டால் எப்படி என்று அண்ணி கேட்டதும், "எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான். அவ இல்லாம இந்த மெஷின்ல பாதியை எனக்கு ஓட்டவே தெரியாது" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கொழுந்தனார் மனசுக்குள் சந்தேகக் கோடு ஒன்றைப் புருஷனிடமிருந்து பேராசிரியர்வரை இழுத்துவிட்டார். பிறகு அவர் கண் அறை வாசலுக்கு வெளியே இருந்த சிறிய மேஜைக்குப் போனது. உடனே கோடு பழைய இடத்துக்கே திரும்பியது.

அங்கே கோட்டம்மாவின் வீட்டுக்காரர் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். சதைப்பிடிப்பான, நிதானமான மனிதர். அவசரம் என்ற ஒன்றை வாழ்க்கையில் பார்த்திராத முகம். பக்கத்தில் காகிதத்தில் மடித்த ஒரு வெள்ளைப் பொடி.

கொழுந்தனார் பாய்ந்து அதை எடுத்து நாக்கில் வைத்தார். "உப்பு" என்று அறிவித்தார்.

"ஆமாங்க" என்றார் வீட்டுக்காரர். "வெள்ளரிக்காய்க்கு. உங்களுக்கும் வேணுமா?"

"உப்பு போட்டா தங்கம் என்ன ஆகும்?" என்று கொழுந்தனார் பேராசிரியரிடம் கேட்டார். தண்ணீர் வடிகட்டி விற்ற நாளில் உப்பைப் பற்றி அவர் கொஞ்சம் படித்திருந்தார்.

"நீலமாயிடும்" என்றார் பேராசிரியர். முகம் வெளுத்துப் போனது. "துகளுங்க ஒண்ணையொண்ணு தள்ளி நிக்கறது அதுங்க மேல இருக்கிற மின்னூட்டத்தாலதான். உப்பு அதை அமுக்கிடும். ஒரு சிட்டிகை போதும்."

கொழுந்தனார் காகிதப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி அண்ணியிடம் நீட்டினார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனி கைகுலுக்கல்தான் பாக்கி என்பது அவர் எண்ணம். அண்ணி பொட்டலத்தை வாங்கி வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில் திரும்ப வைத்தார்.

"நீங்க டியூப் கலக்கறப்போ என்னென்ன செய்வீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரரிடம்.

"என்னத்தைச் செய்யறது? கலக்குவேன். ஸ்டாண்டுல வைப்பேன். போய் டீ குடிப்பேன். வந்து பாப்பேன்."

"யாராவது தொட்டுடுவாங்கன்னு பயம் இல்லையா?"

"எதுக்குத் தொடப்போறாங்க?"

"உங்க மனைவியோட டியூபைக் கெடுக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வீட்டுக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கோட்டம்மா முதுகைக் காட்டி நின்று எதையோ கழுவிக்கொண்டிருந்தார். அவரை ஒரு முறை பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"தெரியும்" என்றார். "ஆனா சொல்ல மாட்டேன்."

அதற்குமேல் அவரைக் கிளற முடியவில்லை. கொழுந்தனார் எத்தனை விதமாக முறைத்தும் வேலைக்காகவில்லை. மனிதர் வெள்ளரிக்காயை முடித்து, கையைத் துடைத்து, உப்புப் பொட்டலத்தையும் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி, தெரியும்ங்கறான், சிரிக்கறான், உப்பு வேற வெச்சிருக்கான்" என்று தாழ்வாரத்தில் கொழுந்தனார் கிசுகிசுத்தார். "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு டீ" என்றார் அண்ணி. "அதுக்கு முன்னால உன்கிட்ட ஒரு வேலை இருக்கு. ரொம்பப் பொறுப்பான வேலை."

பொறுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கொழுந்தனார் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

அண்ணி எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்க வைத்தார். எல்லாரும் பார்க்க, கோட்டம்மாவே விறைப்பான கொழுப்பையும் தங்கத்தையும் ஒரே குடுவையில் கலந்தார். ஒரே குடுவையிலிருந்து இரண்டு குழாயில் ஊற்றி மூடினார். இரண்டும் சிவப்பு. வெறும் தங்கம் மூன்றாவது குழாயில்.

"இது ஸ்டாண்டுலயே இருக்கட்டும்" என்று ஒரு குழாயைக் காட்டினார் அண்ணி. "கதவு திறந்திருக்கும். காவல் கிடையாது. யார் வேணும்னாலும் வரலாம், போகலாம்."

"ஐயோ, அது போச்சு" என்றார் கோட்டம்மா முணுமுணுப்பாக.

"இந்த ரெண்டும், தங்கம் மட்டும் இருக்கறதும் இதுவும், என் கொழுந்தன்கிட்ட இருக்கும். தம்பி, யாரும் தொடக்கூடாது. நீ எப்படிக் காப்பாத்துவியோ காப்பாத்து."

கொழுந்தனார் காப்பாற்றினார். தாழ்வாரத்தின் கோடியில் சுவரில் முதுகு படும்படி ஒரு நாற்காலியைப் போட்டு, இரண்டு குழாயையும் வலது முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கழிவறைக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்துத் தலையசைத்ததும், இடது கையையும் மேலே வைத்துப் பொத்திக்கொண்டார். பேராசிரியர் "எப்படிப் போகுது?" என்று எட்டிப் பார்த்தபோது குழாய்களைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். அது கொஞ்சம் கூசியது. ஆனாலும் அசையவில்லை. தும்மல் வந்தது, அடக்கினார். இப்படி ஒரு காவலை அரசாங்கப் பொக்கிஷத்துக்குக்கூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அண்ணி நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து எல்லாரையும் கூப்பிட்டார். தாங்கியில் கேட்பாரற்றுக் கிடந்த குழாய், வைத்தபடியே சிவப்பாக இருந்தது.

"இப்ப நீ காட்டு" என்றார் அண்ணி.

கொழுந்தனார் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். ஒரு குழாய் சிவப்பு. மற்றது நீலம். மை மாதிரி நீலம்.

பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார். கோட்டம்மா கொழுந்தனாரை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு மாதமாக அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மட்டும், பாவம் இவன் என்பது போலப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றார் கொழுந்தனார். திருதிருவென்று விழித்தார். அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேர்வையில் உப்பு இருக்கிறதே, அது கண்ணாடியைத் தாண்டி இறங்கியிருக்குமோ? "அண்ணி, சத்தியமா ஒரு ஈ காக்கா கிட்ட வரல. நான் கையை எடுக்கவே இல்ல."

"தெரியும்" என்றார் அண்ணி. "நீ கையை எடுக்கலை. அதனாலதான் கெட்டுப்போச்சு. எல்லாரும் உக்காருங்க, சொல்றேன்."

உட்கார நாற்காலி போதவில்லை. கொழுந்தனார் நின்றுகொண்டார். உட்காரும் தகுதி தனக்கு இருக்கிறதா என்பதும் அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"முதல்ல உப்பு" என்றார் அண்ணி. "உப்பு தங்கத்தைக் கெடுக்கும்னு சார் சொன்னார். அப்படின்னா ஜோடியா இருக்கிற வெறும் தங்க டியூபும் நீலமாகணும். நீங்க எங்க அலுவலகத்துக்கு வந்த அன்னைக்கும் அது சிவப்பு. இப்ப இவன் அக்குள்லேர்ந்து வந்ததுலயும் அது சிவப்பு. மூடியைத் திறந்து எதையோ போடற ஆள் இருந்தா, ஒவ்வொரு தடவையும் சரியா ஒரு டியூபை மட்டும் எதுக்குத் தேடிப் பிடிக்கணும்? அதனால தங்கத்துக்கு ஒண்ணும் ஆகலை. மாறினது கொழுப்பு."

பேராசிரியர் வாயைத் திறந்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கம் நீலமாகறதுக்குக் கொழுப்பு என்னவா இருக்கணும்? இளகி இருக்கணும். அதைக் கண்டுபிடிச்சதே இவங்கதான். அப்ப விறைப்பா இருந்த கொழுப்பு நடுவுல எப்பவோ இளகியிருக்கு. எது கொழுப்பை இளக்கும்? இதுக்கு என்னை மாதிரி ஆள் தேவையே இல்ல, அடுப்பாங்கரையில நிக்கிற யாரும் சொல்லுவாங்க. சூடு. இந்தக் கொழுப்புக்கு இந்தக் குளிர் வேணும்னு சாரே சொன்னார். கொஞ்சம் ஏறினாலும் இளகிடும்னா, உடம்புச் சூடு தாராளம்."

கோட்டம்மாவின் கை தானாகக் கோட்டின் உள்பைக்குப் போனது.

"ஏசியைக் கழட்டிப் போட்ட மதியம் இந்த அறை சூடாச்சு. உங்க முதல் டியூப் அப்ப இளகிக் கெட்டுப்போச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஏசியை மாட்டியாச்சு, அறை மறுபடி குளிர்ந்தாச்சு. நீங்க எப்பவும் போல மறுநாளும் ஸ்டாண்டுல வெச்சிருந்தா சிவப்பா நின்னிருக்கும். நீங்க வெக்கலை. யாரோ கெடுக்கறாங்கன்னு முடிவு பண்ணி, டியூபை எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிட்டீங்க. கெட்டுப்போச்சு. கெட்டுப்போச்சேன்னு இன்னும் இறுக்கிப் பிடிச்சீங்க. இவர் கலந்து குடுத்ததையும் வாங்கி உள்ளே வெச்சீங்க. அன்னைக்கு அதைக் கன்னத்துல வெச்சுப் பாத்தேன். கதகதன்னு இருந்துச்சு."

"பல்வலி இல்லையா?" என்றார் கொழுந்தனார்.

"இல்ல தம்பி."

"ஆனா நான் தினமும் வெப்பநிலையை..." என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

"அறையைப் பாத்தீங்க சார். அவங்க பையைப் பாக்கலை. அவங்களும்தான். கலக்கறது, ஊத்தறது, நேரம் பாக்கறது, இதெல்லாம் சோதனைன்னு இவங்களுக்குத் தெரியும். டியூபைப் பையில வெக்கறது சோதனையில சேராது, அது காவல். அதனால அதை யாரும் கணக்குல எடுக்கலை. படிச்சவங்க பயந்தா இப்படித்தான் ஆகும், படிக்காதவங்க பயந்தாலும் இப்படித்தான்."

பேராசிரியர் சுவர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். அது இத்தனை நாளும் தன்னை ஏமாற்றிவிட்டது போல ஒரு பார்வை. பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கோட்டம்மா எழுந்தார். புதிதாகக் கலந்து, ஊற்றி, தாங்கியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குழாய் சிவப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. அப்போதும் சிவப்பு. அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று வருடம் பொய் இல்லை. வெள்ளிக்கிழமை யார் வந்தாலும் வரட்டும்.

கொழுந்தனார் சத்தமாக மூக்கைச் சிந்தினார். தான் குற்றவாளி இல்லை என்பதில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

பிறகுதான் கோட்டம்மா திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். முகம் சிவந்து, பார்வை தரைக்குப் போனது. ஒரு மாதமாக அவர் இந்த மனிதரைத் திருடன் என்று நினைத்திருந்தார். நினைத்ததோடு நிற்காமல் துப்பறிகிறவர்கள்வரை போயிருந்தார். அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், வீட்டுக்காரர் உட்பட.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் புரியலை" என்றார் அண்ணி, வீட்டுக்காரரிடம். "யார் கெடுக்கறாங்கன்னு தெரியும், சொல்ல மாட்டேன்னு சிரிச்சீங்க. யாரை நினைச்சீங்க?"

இத்தனை நேரம் நிதானமாக இருந்த வீட்டுக்காரரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கூச்சம் தெரிந்தது.

"இவளைத்தான்" என்றார்.

"என்னையா?"

"நீயே கெடுத்துக்கறேன்னு நினைச்சேன். என்னை விட்டுட்டுப் போக மனசு வரலை, அதை வெளிய சொல்ல வெக்கம், அதனால டியூபைக் கெடுத்து வேலை வராமப் பண்ணிக்கறான்னு. காட்டிக் குடுக்க வேண்டாம்னுதான் வாயைத் திறக்கலை." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இந்த ஒரு மாசமா நான் ரொம்பச் சந்தோஷமா இருந்தேன்."

"நான் உங்களோட பேசவே இல்லையே" என்றார் கோட்டம்மா. குரல் உடைந்தது.

"அதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். பாவம், மனசுக்குள்ள வெச்சுக் குமையறா போலன்னு."

கொழுந்தனார் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குறிப்புகளை மிகுந்த கவனத்தோடு படிக்க ஆரம்பித்தார். காதை மட்டும் இந்தப் பக்கமே வைத்துக்கொண்டார்.

"நீங்கதான் கெடுக்கறீங்கன்னு நான் நினைச்சேன்" என்றார் கோட்டம்மா. "எனக்கு அசிங்கமா இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நான் இல்லேன்னு."

"நம்பியிருக்க மாட்டேன்."

"அதுக்கென்ன, இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

கோட்டம்மா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்து நாற்காலியில் போட்டார். குளிரில் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

"நான் போகணும்" என்றார். "போக மனசில்லாம எல்லாம் இல்ல. ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா உங்களை வாங்கன்னு கூப்பிட பயமா இருந்துச்சு. மாட்டேன்னு சொல்லிட்டா அங்க போய் நான் எப்படி இருப்பேன்? அதுக்குக் கேக்காமலே போயிடலாம்னு நினைச்சேன். இப்ப கேக்கறேன். என்னோட வர்றீங்களா?"

"ரெண்டு பேரும் போயிட்டா இந்த ஆய்வகத்தை நான்..." என்றார் பேராசிரியர். அண்ணி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

வீட்டுக்காரர் யோசித்தார். வெள்ளரிக்காய் தின்னும்போது இருந்த அதே அவசரமில்லாத முகத்தோடு யோசித்தார். கொழுந்தனார் தீயணைப்புக் குறிப்புகளை விட்டுவிட்டு நேராகத் திரும்பி நின்றுவிட்டார்.

"மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

கோட்டம்மாவின் முகம் அப்படியே விழுந்தது. கொழுந்தனார் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அசையவில்லை. வீட்டுக்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று கோட்டம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னோட வர்றீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டார்.

"வர்றேன்" என்றார் அவர்.